வேலிக்கு அந்தப் பக்கம் எட்டே கால் லட்சம் ஏக்கர்



சர்வே கேம்ப் போய் வந்தவர்களுக்கு ஒரு ஏக்கர் என்றால் எவ்வளவு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 66 அடி செயினைப் பிடித்துக்கொண்டு, முள்ளில் காலை விட்டுக்கொண்டு, வெயிலில் நின்று அளந்து பார்த்தால்தான் அந்த 43,560 சதுர அடியின் அருமை தெரியும். எங்கள் பேட்ச் மூன்று நாள் அலைந்து முடித்தது மொத்தமே சில ஏக்கர்தான். அதிலும் 'குளோசிங் எர்ரர்' வேறு, கேட்க வேண்டாம்!

அந்த அலுப்போடு ஊர் திரும்பின சமயத்தில்தான் கிங் ரான்ச் பற்றிப் படித்தேன். 'ரான்ச்' என்றால் அமெரிக்காவில் பெரிய மாட்டுப் பண்ணை. டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய பக்கத்தில் இருக்கிறது. ஒரே குடும்பத்தின் சொத்து. பரப்பு 8,25,000 ஏக்கர். படித்ததும் முதலில் அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் 3,340 சதுர கிலோமீட்டர் வருகிறது. நம் கோவா மாநிலமே 3,702 சதுர கிலோமீட்டர்தான். அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்று ஒரு மாநிலம் உண்டு, அதை விட இந்தப் பண்ணை பெரிசு. இவ்வளவு நிலத்தையும் ஒரே சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் கிட்டத்தட்ட 58 கிலோமீட்டர். எல்லையைச் சுற்றி நடந்து வர 231 கிலோமீட்டர். மணிக்கு 4 கிலோமீட்டர் வீதம் தினம் எட்டு மணி நேரம் நடந்தாலும் ஒரு வாரம் ஆகிவிடும். ஆனால் நிஜத்தில் அது ஒரே சதுரம் இல்லை. சாந்தா கெர்ட்ரூடிஸ், லாரெல்ஸ், என்சினோ, நோரியாஸ் என்று நான்கு பிரிவுகளாக, ஆறு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது.

இவ்வளவு நிலத்தில் கோடிக்கணக்கில் மாடு இருக்கும் என்றுதானே நினைக்கத் தோன்றும்? இல்லை. சுமார் 35,000 மாடுகள்தான் என்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், மாடு ஒன்றுக்கு 23 ஏக்கருக்கு மேல் வருகிறது. அங்கேதான் விஷயமே இருக்கிறது. அது காவிரிப் பாசனம் மாதிரி பச்சைப் பூமி இல்லை. மழை எப்போது வரும், எப்போது ஏய்க்கும் என்று சொல்ல முடியாத காய்ந்த பூமி. புல்லும் முள்மரமும்தான் முளைக்கும். ஒரு மாடு வருஷம் முழுக்க மேய்ந்து பிழைக்க அத்தனை ஏக்கர் வேண்டும். ஆக, அங்கே பண்ணை பெரிசாக இருப்பது ஆடம்பரம் மட்டும் இல்லை, பிழைப்பு. 'காட்டுக் குதிரைப் பாலைவனம்' என்றுதான் பழைய காலத்தில் அந்தப் பகுதிக்குப் பெயர்.

அந்தப் பாலைவனத்தில் போய்ப் பணத்தைப் போட்டவர் ரிச்சர்ட் கிங். 1824-ல் நியூயார்க்கில் பிறந்தவர், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பம். சின்ன வயதிலேயே ஒரு நகைக்கடைக்காரரிடம் வேலை பழக விட்டார்கள். பிடிக்கவில்லை. 1835-ல், பதினொரு வயதில், துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலில் திருட்டுத்தனமாக ஏறி ஒளிந்துகொண்டார். நடுக்கடலில் பிடிபட்டார். ஆனாலும் அதிர்ஷ்டம், நீராவிப் படகுகளில் எடுபிடிப் பையனாக வேலை கிடைத்தது. படிப்படியாகப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு கேப்டன் ஆகிவிட்டார். அப்ரன்டிஸ்ஷிப்பைப் பாதியில் விட்டு ஓடியவர் என்று நம்ம பாஷையில் சொல்லலாம். (யாரும் இதை முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டு பிரின்சிபாலிடம் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம்!)

அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் 1846-ல் யுத்தம் மூண்டது. சிநேகிதர் மிஃப்லின் கென்னடி கூப்பிட, கிங் 1847-ல் ரியோ கிராண்டே ஆற்றுக்கு வந்து ராணுவத்துக்குப் படகு ஓட்டினார். யுத்தம் முடிந்ததும் அதே ஆற்றில் இருவரும் கூட்டாகப் படகுக் கம்பெனி நடத்தினார்கள். நல்ல காசு. 1852-ல் ஒரு சந்தைக்காகக் குதிரையில் வடக்கே போனபோது, நடுவழியில் சாந்தா கெர்ட்ரூடிஸ் என்ற ஓடைக்கரையில் இறங்கித் தண்ணீர் குடித்தார். எங்கும் வறட்சி, இங்கே மட்டும் தண்ணீர். இடம் மனதில் ஒட்டிக்கொண்டது.

1853-ல் அந்த ஓடையை ஒட்டிய 15,500 ஏக்கரை ஒரு மெக்சிகோ குடும்பத்தின் வாரிசுகளிடமிருந்து வாங்கினார். விலை 300 டாலர். ஏக்கருக்கு இரண்டு சென்ட் கூட இல்லை. நம்ம ஊர் 'சென்ட்' இல்லை, அமெரிக்கக் காசு! அடுத்த வருஷமே பக்கத்தில் 53,000 ஏக்கர், 1,800 டாலருக்கு.

சிவில் பிரிவு நண்பர்களுக்காக ஒரு விஷயம். அந்த நிலமெல்லாம் பழைய ஸ்பானிய அளவையில் 'லீக்' கணக்கில் அளந்தது. 5,000 வாரா நீளம், 5,000 வாரா அகலம் கொண்டது ஒரு சதுர லீக். டெக்சாஸில் ஒரு வாரா 33⅓ அங்குலம். ஏக்கராக மாற்றினால் ஒரு லீக் 4,428 ஏக்கர். கிங் முதலில் வாங்கியது மூன்றரை லீக். பெருக்கிப் பாருங்கள், 15,500-க்கு அருகில் வந்து நிற்கும்.

விலை ஏன் இவ்வளவு மலிவு? யுத்தத்தில் தோற்ற மெக்சிகோ 1848 ஒப்பந்தத்தில் அந்தப் பூமியை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே நிலம் வைத்திருந்த ஸ்பானிய மொழிக்காரர்கள் ஒரே நாளில் அன்னிய தேசத்துப் பிரஜைகளானார்கள். பட்டாவை நிரூபிக்கப் புது பாஷையில், புது கோர்ட்டில் நிற்க வேண்டும். கொள்ளைக்காரர் பயம் வேறு. வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் பலர். கிங் பணம் கொடுத்து, பத்திரம் எழுதித்தான் வாங்கினார். ஆனாலும் விற்றவன் எந்த நிலையில் நின்று விற்றான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

1854-ல் நடந்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். மெக்சிகோவில் குருயாஸ் என்று ஒரு சிற்றூர். கடும் வறட்சி. கிங் அங்கே போய் ஊர் மாடுகளை மொத்தமாக விலை பேசி வாங்கி ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் உறைத்தது: மாட்டையும் ஓட்டியாயிற்று, மழையும் இல்லை, இனி இந்த ஜனங்கள் எதை வைத்துச் சாப்பிடுவார்கள்? குதிரையைத் திருப்பினார். "எல்லாரும் என்கூட வாங்க, வீடும் சாப்பாடும் சம்பளமும் தர்றேன்" என்கிற அர்த்தத்தில் கேட்டிருக்கிறார். ஊர் கூடிப் பேசியது. சுமார் நூறு பேர், பெண்டு பிள்ளை, சட்டி பானை, கோழி குஞ்சோடு அவர் பின்னால் நடந்துவிட்டார்கள்.

இது கருணையா, வியாபார மூளையா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது. ஏனென்றால் கிங்குக்குப் படகு தெரியும், மாடு தெரியாது. குதிரை மேலிருந்து கயிறு வீசி மாட்டை மடக்கும் வித்தை முழுக்க அந்த மெக்சிகோ மேய்ப்பர்களுடையது. 'வக்கேரோ' என்று பெயர். சினிமாவில் நாம் விசிலடித்துப் பார்க்கிற கௌபாய்க்கு குரு இந்த வக்கேரோதான். குருயாஸ் ஜனங்களும் அவர்கள் சந்ததியும் 'கினேன்யோ', அதாவது கிங்கின் ஆட்கள், என்று அழைக்கப்பட்டார்கள்.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்தது. வட மாநிலங்களின் கப்பற்படை தென்கரையை மறித்துக்கொண்டது. கிங்கும் கென்னடியும் தெற்குப் பக்கம். தங்கள் படகுகளில் மெக்சிகோ கொடியை ஏற்றி, தெற்கின் பருத்தியை மெக்சிகோ வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பித் தங்கமாகக் காசு பார்த்தார்கள். அடிமை முறையைக் காப்பாற்றப் போராடிய பக்கத்துக்கு உதவிய பணம் அது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1863 டிசம்பரில் எதிர்ப்படை பண்ணை வீட்டைத் தாக்கியது. கிங் முன்னதாகவே தப்பிவிட்டார். கர்ப்பிணி மனைவி ஹென்றியெட்டா வீட்டில் இருந்தார். வீட்டுக்குக் காவலிருந்த பிரான்சிஸ்கோ அல்வராடோ என்ற கினேன்யோ சுடப்பட்டு இறந்தார்.

போர் முடிந்ததும் டெக்சாஸில் மாடு 4 டாலர், வடக்கே 40 டாலர். நடுவில் இருந்தது ஆயிரம் மைல். ஓட்டிக்கொண்டு போனால் லாபம், அவ்வளவுதான் சூத்திரம். 1869 முதல் 1884 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கிங் நடத்தியே வடக்கே ரயிலடிக்கு அனுப்பினார். மாடுகளுக்கு வளைந்து ஓடுகிற 'டபிள்யூ' மாதிரி ஒரு சூட்டுக்குறி. 1869-ல் பதிவான அந்தக் குறிதான் இன்றைக்கும் பண்ணையின் முத்திரை. வந்த காசெல்லாம் மறுபடி நிலம், நிலம், நிலம். 1885-ல் வயிற்றுப் புற்றுநோயில் அவர் இறந்தபோது 6,14,000 ஏக்கர் இருந்தது. கூடவே 5 லட்சம் டாலர் கடனும்!

பண்ணைக்கு வாரிசாக நினைத்திருந்த இளைய மகன் 1883-ல் பத்தொன்பது வயதில் நிமோனியாவில் போய்ச் சேர்ந்திருந்தான். பொறுப்பு மனைவி கைக்கு வந்தது. அவருக்குத் துணை ராபர்ட் கிளெபெர்க் என்ற இளம் வக்கீல். கோர்ட்டில் கிங்கை எதிர்த்து வாதாடி ஜெயித்தவர். 'இவன் நம்ம பக்கம் இருக்கணும்' என்று கிங்கே வேலைக்கு வைத்துக்கொண்டார். 1886-ல் கடைசி மகளைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையும் ஆகிவிட்டார்.

இந்த வக்கீல் விவகாரம் பின்னாளில் முளைத்தது. ஆரம்பத்தில் வாங்கிய 15,500 ஏக்கரில் தன் கணவர் சாப்மனுக்கும் பங்கு உண்டு என்று ஒரு விதவை 1879-ல் வழக்குப் போட்டிருந்தார். அவருக்கு வக்கீல் கிளெபெர்க்கின் நிறுவனம். 1883-ல் ஒரு தொகையோடு சமரசமாக முடிந்தது. 'எங்கள் வக்கீலே எதிராளியோடு ரகசியமாகச் சேர்ந்துகொண்டு ஏமாற்றிவிட்டார்' என்று சாப்மன் வாரிசுகள் நூறு வருஷம் கழித்து மறுபடி கோர்ட்டுக்குப் போனார்கள். டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வரை போய், 2003-ல் பண்ணைக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. நம்ம ஊர் வாய்க்கா வரப்புத் தகராறு தோற்றது போங்கள்.

1890-களில் பெரும் வறட்சி. மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கிளெபெர்க் விடாமல் ஆழ்துளை போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1899 ஜூனில், 500 அடிக்கும் கீழே, தண்ணீர் கிடைத்தது. பம்பு இல்லாமல் தானே பொங்கி மேலே வந்தது! ஆர்ட்டீசியன் கிணறு என்று ஹைட்ராலிக்ஸில் படிக்கிறோமே, அதுதான். தண்ணீர் புகாத இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சாய்ந்து கிடக்கும் மணற்பாறையில், மேட்டுப் பக்கத்தில் இறங்கிய மழைநீர் அழுத்தத்தோடு சிறைப்பட்டுக் கிடக்கும். துளை போட்டதும் விடுதலை. தண்ணீர் வந்தபின் மற்றதெல்லாம் வந்தது. 1904-ல் ரயில் வந்தது. குடும்பம் கொடுத்த நிலத்தில் கிங்ஸ்வில் என்ற ஊரே எழும்பியது. ஹென்றியெட்டா அம்மாள் பாதிரியார் மகள். ஊரில் மனை வாங்குகிறவர் சாராயம் விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிட்டார்.

அந்த அம்மாள் 1925-ல் இறந்தபோது பண்ணை பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. சுமார் 200 வக்கேரோக்கள் குதிரையில் வந்து, தொப்பியைத் தாழ்த்திப் பிடித்தபடி கல்லறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்களாம்.

இனி மாட்டுக்கு வருவோம். இங்கேதான் நம்ம நாடு உள்ளே நுழைகிறது. இங்கிலாந்து வகை ஷார்ட்ஹார்ன் மாட்டுக்குக் கறி நன்றாகப் பிடிக்கும், ஆனால் டெக்சாஸ் வெயிலும் உண்ணியும் ஆகாது. உண்ணி என்றால் லேசாக எண்ண வேண்டாம். 'டெக்சாஸ் காய்ச்சல்' என்ற நோயைப் பரப்புவது அதுதான் என்று 1893-ல் நிரூபித்தார்கள். வட மாநிலங்கள் டெக்சாஸ் மாடு என்றாலே விரட்டின. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் மாடு எது? திமிலும் தொங்கு தாடையும் உள்ள இந்திய மாடு! ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் முதலிய இனங்கள் கலந்து அங்கே உருவானதைத்தான் 'பிராமன்' என்கிறார்கள். 1906-ல் டெக்சாஸின் இன்னொரு பண்ணைக்காரர் பம்பாயிலிருந்து கப்பலில் காளைகள் கொண்டுபோனபோது, நோய் இருக்குமோ என்று நியூயார்க் அருகே ஒரு தீவில் நிறுத்திச் சோதித்து, சிலவற்றைக் கொன்றே விட்டார்கள். மிச்சம்தான் டெக்சாஸ் சேர்ந்தது.

கிளெபெர்க்கின் மகன் ராபர்ட் (ஜூனியர்) இந்திய ரத்தம் கலந்த காளைகளை ஷார்ட்ஹார்ன் பசுக்களோடு சேர்த்தார். 1920-ல் செக்கச்சிவந்த ஒரு கன்று பிறந்தது. சேட்டை தாங்காமல் அதற்கு 'மங்க்கி' என்று பெயர் வைத்தார்களாம். பொலிகாளையானதும் அதன் கன்றுகள் எல்லாம் அப்பனைப் போலவே சிவப்பு, கனம், வெயில் தாங்கும் உடம்பு. அந்த வம்சத்துக்குள்ளேயே தேர்ந்தெடுத்துச் சேர்த்துச் சேர்த்து ஓர் இனத்தையே நிலைப்படுத்தினார்கள். எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன், எட்டில் மூன்று பங்கு பிராமன். பெயர் அந்த ஓடையின் பெயரே, சாந்தா கெர்ட்ரூடிஸ். அமெரிக்காவில் உருவான முதல் கறிமாட்டினம் என்று அரசு 1940-ல் அங்கீகரித்தது.

இன்னொரு இந்தியரும் அங்கே உண்டு: நீல்காய் மான். 1930 வாக்கில் மிருகக்காட்சிசாலையில் மிஞ்சியவற்றை நோரியாஸ் பக்கம் விட்டார்கள். இன்று தென் டெக்சாஸில் ஆயிரக்கணக்கில் திரிகின்றன. வேட்டையாடக் காசு கட்டி வருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், எந்த உண்ணியை ஒழிக்க அவ்வளவு பாடுபட்டார்களோ அதைச் சுமந்து வேலி தாண்டிப் பரப்புவதில் இந்த நீல்காய்க்கும் பங்கு இருக்கிறது.

ஜூனியர் கிளெபெர்க் மாட்டோடு நிற்கவில்லை. அந்தப் பண்ணையின் 'அசால்ட்' என்ற குதிரை, குட்டியில் குளம்பு அடிபட்டு விந்தி நடந்தது. 1946-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் அதுவே ஜெயித்தது. முள்மரங்களை ஒழிக்க, மண்ணுக்குள்ளேயே வேரை அறுக்கும் அகலமான கலப்பையைச் செயின் டிராக்டரில் பூட்டி இழுத்தார்கள். மெக்கானிக்கல் நண்பர்கள் அதன் படத்தைத் தேடிப் பார்க்கலாம். 1950-களில் ஆஸ்திரேலியா, பிரேசில், அர்ஜென்டினா, கியூபா என்று வெளிநாடுகளிலும் பண்ணை போட்டார்கள். கியூபா பண்ணையை காஸ்ட்ரோ அரசு எடுத்துக்கொண்டது. மற்றவையும் பிற்பாடு கை மாறின.

உண்மையைச் சொன்னால், பண்ணையைக் காப்பாற்றியது மாடு இல்லை. பாட்டியின் சொத்து வரி, பாகப்பிரிவினை, 1930-களின் பொருளாதார மந்தம் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தபோது, 1933-ல் ஹம்பிள் ஆயில் கம்பெனிக்கு எண்ணெய் தேடும் உரிமையைக் குத்தகைக்கு விட்டார்கள். அந்தக் கம்பெனி நிலத்தின் பேரில் 30 லட்சம் டாலருக்கு மேல் கடனும் கொடுத்தது. சில வருஷத்தில் எண்ணெய் பீறிட்டது. அப்புறம் என்ன!

இன்று அது ஒரு கார்ப்பரேஷன். தலைமை அலுவலகம் ஹூஸ்டனில். வாரிசுகள் பங்குதாரர்கள். மாட்டோடு பருத்தி, கரும்பு, புல்தரை என்று பலதும் உண்டு. போர்டு கம்பெனி 2001 முதல் 'கிங் ரான்ச்' பெயரில் பிக்கப் வண்டியே விடுகிறது.

சரி, கினேன்யோக்கள் என்ன ஆனார்கள்? நாலைந்து தலைமுறை அங்கேயே பிறந்து, அங்கேயே மேய்த்து, அங்கேயே புதைந்தார்கள். வீடு, ரேஷன், பள்ளிக்கூடம், வயதானால் சோறு எல்லாம் பண்ணை கொடுத்தது. நிலம் மட்டும் கொடுக்கவில்லை. 1915-ல் நோரியாஸ் பண்ணை வீட்டை மெக்சிகோ ஆதரவுக் கலகக்காரர்கள் தாக்கினார்கள். அதையும் அப்படிப்பட்ட மற்றத் தாக்குதல்களையும் சாக்கிட்டு டெக்சாஸ் ரேஞ்சர் போலீசும் ஆயுதம் தாங்கியவர்களும் அந்தப் பிரதேசத்தில் ஸ்பானிய மொழி பேசியவர்களை நூற்றுக்கணக்கில் விசாரணையின்றிக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களின் உடல்களைக் கயிற்றில் கட்டி ரேஞ்சர்கள் குதிரை மேல் போஸ் கொடுத்த போட்டோ தபால் அட்டையாகவே விற்றது.

அந்த நோரியாஸ் வீட்டைக் காத்து நின்றவர்களில் லாரோ கவாசோஸ் என்ற கினேன்யோவும் ஒருவர். பிறகு சாந்தா கெர்ட்ரூடிஸ் பிரிவுக்கே மேஸ்திரி ஆனார். பிள்ளைகள் பண்ணைப் பள்ளியோடு நிற்கக் கூடாது என்று பிடிவாதம். அதுவரை ஸ்பானிய மொழிக் குழந்தைகளைச் சேர்க்காத கிங்ஸ்வில் பள்ளியில் பேசிப் போராடி இடம் வாங்கினார். மூத்த மகன், அப்பா பெயரே கொண்ட லாரோ, 1988-ல் அமெரிக்கக் கல்வி அமைச்சர் ஆனார். ஸ்பானிய வம்சாவளியில் அந்த நாட்டு மந்திரிசபைக்குள் நுழைந்த முதல் ஆள். தம்பி ரிச்சர்ட், 1982-ல் அமெரிக்க ராணுவத்தில் நான்கு நட்சத்திர ஜெனரலான முதல் ஸ்பானிய வம்சாவளிக்காரர். 2023-ல் டெக்சாஸின் பெரிய ராணுவ முகாமுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 2025-ல் அதை எடுத்துவிட்டுப் பழைய பெயரையே மறுபடி மாட்டிவிட்டார்கள். சூட்டுக்குறி மட்டும் 1869-ல் போட்டது போலவே இருக்கிறது.